போர்வை மூடிய சோலார் பலகைகள்

காருக்குப் பின்னால் இழுத்துவந்த வீட்டுவண்டியின் பேட்டரி விடிவதற்குள் தீர்ந்துவிட்டது. உள்ளே குட்டி ஃப்ரிட்ஜில் கணவரின் இன்சுலின் சூடேறிக்கொண்டிருக்கிறது. மனைவி மண்டியிட்டு, சோலார் மின்சாரத்தை அளவாக அனுப்பும் கன்ட்ரோலரின் சிவப்பு வயரைப் பேட்டரியில் முடுக்குகிறாள். புல்லில் சாய்த்த சோலார் பலகைகளின் மேல், வெயில் படாதிருக்க, பூப்போட்ட போர்வை. அதன் நுனியைப் பிடித்தபடி அவர் தவிக்கிறார். "எடுத்துரட்டுமா?" "பேட்டரிய மாட்டாம வெயில விட்டா கன்ட்ரோலர் பொசுங்கிடும். போன தடவை பட்டது பத்தலையா?" "மருந்து எனக்குத்தானே, உனக்கென்ன!" "உங்களுக்குங்கறதாலதான் இவ்வளவு பாத்துப் பாத்து மாட்டறேன். பேசாம நில்லுங்க." கறுப்பு வயரின் திருகும் இறுகுகிறது. "ம், இப்ப எடுங்க." போர்வை விலக, கண்ணாடிமேல் வெயில் பளீரென்று கொட்டுகிறது, கன்ட்ரோலரில் பச்சைப் புள்ளி ஒளிர்கிறது. உள்ளே ஃப்ரிட்ஜ் ஒருமுறை செருமிவிட்டு ஓடத் தொடங்குகிறது. அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவரும் அவசரப்படுத்தாமல் பக்கத்தில், புல்லிலேயே உட்கார்கிறார்.