தளபதி விழுந்த இடம்

“இங்கதாங்கய்யா விழுந்தாரு” என்று டோர்கஸ் ஓக் மரத்தடியைக் காட்டினாள்.

பச்சைப் பொய். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதி தார்ன்பெரி செத்தது ஓடைக்கரைப் பன்றிக் கொட்டிலில். முப்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் பண்ணையில் அவள் அடிமைச் சிறுமி, கண்ணால் பார்த்தவள்.

நினைவுச்சின்னக் குழுவின் அதிகாரி கையில் முளைக்குச்சியோடு நின்றார். அதை அடித்த இடத்தில் பீரங்கிக் குண்டுகளைக் கோபுரமாக அடுக்கி, சுற்றிலும் இரும்பு வேலி போடுவார்கள். அப்புறம் டென்னசியில் எந்தக் கொம்பனும் அதற்குள் ஏர் ஓட்ட முடியாது. நிலத்தை வாங்கிய புது முதலாளியோ அடுத்த மாதம் மரத்தை வெட்டிவிட்டுப் பருத்தி போடப்போகிறான். டோர்கஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பயமெல்லாம் கிழட்டு கேப்டன் புரூயிட்டை நினைத்துத்தான். தளபதி கூடவே இருந்த ஆள். இடத்தை உறுதி செய்ய ரயிலேறி வந்திருந்தார்.

“ஏ பொம்பள, புளுகாத. ஓடைப் பக்கம்ல...” என்று ஆரம்பித்தார்.

வெள்ளைக்காரரை எதிர்த்துப் பேசினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் வாய் நிற்கவில்லை. கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

“ஓடைப் பக்கம் பன்னிக் கொட்டில்தானுங்களே இருந்துச்சு. தளபதி விழுந்தப்ப உள்ள ஒருத்தரு பதுங்கிக் கெடந்தாரு. யாருன்னு சத்தமாச் சொல்லட்டுங்களா?”

கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு தரம் இருமினார்.

“ஆமா, மரத்தடிதான். அடிங்க குச்சிய.”

குச்சி இறங்கியது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

கொத்தனார் வந்து மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தார். “குண்டு கனம் தாங்கணும். ஆளுயரத்துக்குக் கடைக்கால் தோண்டணும்.”

“தோண்டாதீங்க!”

எல்லோரும் திரும்பினார்கள். டோர்கஸ் குச்சியருகே மண்டியிட்டு இரண்டு கைகளாலும் தரையைப் பொத்தியிருந்தாள். ஒரு தொட்டில் அளவு மண்.

கேப்டன் குனிந்தார்.

“என் பொண்ணுங்கய்யா” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் குச்சியைத் தானே பிடுங்கிக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போய் ஊன்றினார்.

“இப்பத்தான் சரியா ஞாபகம் வருது, இங்கதான். ஆனா வேலிய அந்தம்மா உக்காந்திருக்கிற எடத்தையும் சேத்துப் போடுங்க.”

“அவ்வளவு பெருசா எதுக்கு?” என்றார் அதிகாரி.

“தளபதி நல்ல ஒசரம்” என்றார் கேப்டன். “கையக் கால நீட்டி விழுந்தாரு.”