கண்ணாடிப் பக்கத்துப் பொட்டு

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை. எர்ணாவூர் லேத் பட்டறையில் கம்ப்யூட்டர் முன்னால் சங்கமித்ரா உட்கார்ந்திருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால், மெஷின் ஓட்டும் அப்பாவு திரையை எட்டிப் பார்த்தபடி நிற்கிறார். நேற்றுப் பூசையில் ஸ்பானர் முதல் பூட்டு வரை பொட்டு வைத்தவர், லேத்தை ஓட்டும் புரோகிராமை ஒரே மாதிரி பதிந்துவைத்த ரெண்டு சீடிக்கும், கம்ப்யூட்டர் படிக்கிற பளபளப்பான பக்கத்தில் சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பிவிட்டார். "சாமி படத்துக்குக் கண்ணாடிப் பக்கம்தானம்மா வெக்கிறோம்?" என்கிறார் மறுபடியும். போன வாரம் ஹார்டு டிஸ்க் செத்துப்போனதால் வேறு பிரதி கிடையாது. ஒரு எண் மாறியிருந்தாலும் லேத்தில் இரும்பை வெட்டும் டூல் மோதித் தெறிக்கும். பக்கத்தில் நிற்கப்போவது அப்பாவுதான். துடைத்தெடுத்த ரெண்டு சீடியின் ஃபைலையும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஒப்பிடுகிறது. கறை ரெண்டையும் ஒரே மாதிரி கெடுத்திருக்காது, ஒத்துப்போனால் பிழைத்தார்கள். திரையில் ரெண்டு ஃபைலின் ஹெக்ஸ் குறியீட்டு எண்களும் இரண்டு எறும்புச் சாரைகளாக மேலேறுகின்றன. வேறுபட்டால் சிவக்கும். கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில், பூசைக்குக் கட்டிய வாழைக்கன்று வாடிக்கொண்டிருக்கிறது. வெளியே கன்டெய்னர் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே போகிறது. "செவப்பு வந்துக்கீதாம்மா?" "இல்லண்ணா." "இப்போ?" "சும்மா இருண்ணா." சாரைகள் நிற்கின்றன. வித்தியாசம் எதுவும் இல்லை என்று திரையில் ஒரு வரி வருகிறது. அப்பாவு அப்படியே எண்ணெய் டின் மேல் உட்கார்ந்துவிடுகிறார். சங்கமித்ரா சிரித்துக்கொண்டே சந்தனக் கிண்ணத்தை நீட்டுகிறாள். "இப்ப வெய்ண்ணா. பேர் எழுதிக்கீற பக்கம்." அவர் சந்தன மஞ்சள் படிந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறார். "நீயே வெச்சுடும்மா."