பந்தல் இல்லாத வீடு

முதலியார்பேட்டையில் ஆட்டோவை விட்டு இறங்கியதிலிருந்தே ஒப்பாரி பாடும் அமிர்தவல்லிக்கு மனசு நிலைகொள்ளவில்லை. வாசலில் பந்தல் இல்லை, மேளச் சத்தமும் இல்லை. உள்ளே நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட அழவில்லை.

அவளை வரச் சொன்ன இளம்பரிதி தண்ணீர் கொடுத்தான்.

"பொணம் எங்க தம்பி?"

"மொதல்ல உக்காருங்கம்மா."

"செத்தது ஆம்பளையா, பொம்பளையா? தெரிஞ்சாதான பாட முடியும்?"

"யாரும் சாகலம்மா. உண்மையச் சொன்னா வரமாட்டீங்கன்னு பொய் சொல்லிட்டேன். கருவடிக்குப்பத்துல ஒரு சாவுல நீங்க பாடினதக் கேட்டேன். எல்லாம் நீங்களே கட்டின பாட்டாமே. அதக் கேக்கத்தான் இவங்கல்லாம் வந்திருக்காங்க."

"வாழற வூட்டுல ஒப்பாரி பாடுவாங்களா?"

"எங்களுக்குப் பரவால்லம்மா."

அமிர்தவல்லி விருட்டென்று எழுந்து வாசலுக்குப் போனாள். செருப்பில் காலை நுழைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஊரில் யார் செத்தாலும் பாட்டுக் கட்டியவளுக்கு, சொந்த மகள் செத்த அன்று மட்டும் குரல் எழும்பவேயில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"எம்பொண்ணு பேரு செந்தமிழ்ச்செல்வி," என்றாள். "அவளுக்கு இன்னும் யாரும் பாடல."