பச்சைத் துண்டு

தன் நாற்காலியில் விரித்துக் கிடந்த பச்சைத் துண்டைப் பார்த்ததுமே கெர்னோட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குரோஷியக் கடலோரத்து அந்த நிர்வாண முகாமில் உடைக்குத்தான் தடை, துண்டு கட்டாயம். எங்கே உட்கார்ந்தாலும் அவரவர் துண்டை விரித்துத்தான் உட்கார வேண்டும். ஆக, அவனுடைய கேரவன் வாசலில், அவன் மனைவி ரோஸ்விதாவுக்குப் பக்கத்தில், எவனோ ஒருத்தன் சாவகாசமாக உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருக்கிறான்.

"யாருது இது?"

"ஹென்னிங்கோடது. அடுத்த கூடாரத்து டென்மார்க்காரர். கேஸ் குழாய் கசிஞ்சுது, மாத்திக் குடுத்தார். காப்பி போட்டுக் குடுத்தேன், துண்டை மறந்துட்டுப் போயிட்டார்" என்றாள் ரோஸ்விதா. "வந்ததும் வராததுமா என்ன விசாரணை? கிராட்ஸ்லேருந்து வண்டி ஓட்டிட்டு வந்திருக்கே, போய் கடல்ல ஒரு முங்கு போட்டுட்டு வா."

"கடல் எங்கயும் ஓடிப்போயிடாது."

அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை என்று ஜூலை முழுவதும் கெர்னோட் ஆஸ்திரியாவில், சொந்த ஊரான கிராட்ஸிலேயே தங்கிவிட்டான். ரோஸ்விதா மட்டும் முன்னால் வந்து கேரவனைத் திறந்து வைத்திருந்தாள். ஒவ்வொரு கோடையிலும் கார் நின்றதும் நிற்காததுமாகத் துணிமணியை உதறிவிட்டுக் கடலுக்கு ஓடுகிறவன், இன்று இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு பச்சைத் துண்டையே வட்டமடித்தான். இத்தனை கோபத்தில் இருக்கிறவனுக்குக் குளியல் ஒரு கேடா என்று அவளும் விட்டுவிட்டாள்.

நேரம் பார்த்து ஹென்னிங்கே வந்து நின்றார். நெட்டையான மனிதர். உடம்பெல்லாம் வெயிலில் சிவந்திருக்க, இடுப்பைச் சுற்றி மட்டும் அகலமாக ஒரு வெள்ளைப் பட்டை.

"துண்டை விட்டுட்டுப் போயிட்டேன், ரோஸி" என்று எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கெர்னோட்டுக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

ரோஸி! கட்டின புருஷன் அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கெர்னோட்டின் காதிலிருந்து புகை வராததுதான் குறை.

"வரிக்குதிரை" என்று பல்லைக் கடித்தான்.

முகாமின் பழைய ஆட்கள் புதியவர்களுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் அது. வேறு கடற்கரையில் நீச்சலுடையோடு வெயிலில் கிடந்துவிட்டு வருகிறவர்களின் இடுப்பே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ரோஸ்விதா, கெர்னோட் மாதிரிப் பழகியவர்கள் உச்சி முதல் பாதம் வரை ஒரே நிறம்.

"பாவம், இப்பத்தான் முதல் வருஷம். நீ என்னைக் கூட்டிட்டு வந்தப்ப நானும் அப்படித்தானே இருந்தேன்?"

"பாவமா? போன்ல பேசும்போது பின்னாடி ஒரு ஆம்பளை சிரிக்கிற சத்தம் கேட்டுச்சே, அவன்தானே?"

"ஆமா, சிரிச்சோம். ராத்திரி பூரா ஆஸ்பத்திரி வார்டுல நின்னு நின்னு சம்பாதிச்ச லீவு இது. ஒருத்தர்கூட உட்கார்ந்து சிரிச்சா என்ன தப்பு? இத்தனை வருஷமா இங்க வர்றோம், எத்தனை பேர் என்னைப் பார்த்திருக்காங்க. ஒருநாளாவது நீ மூஞ்சியைத் தூக்கினது உண்டா?"

"பார்க்கிறது வேற. என் நாற்காலியில உட்கார்றது வேற."

ரோஸ்விதாவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"இன்னிக்கே மூட்டையைக் கட்டு" என்றான். "இடத்தை ஒப்படைச்சிட்டுக் கிளம்பறோம், இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது. முடியாதுன்னா நீ இங்கயே அவனோட காப்பி குடிச்சிட்டு இரு. நான் ஊருக்குப் போய் வக்கீலைப் பார்க்கிறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. ஒரு துண்டுக்காகக் கல்யாணம் முறிவதா? அந்த டென்மார்க்காரரோடு கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டோமோ என்று தன் மேலேயே சந்தேகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசல் பந்தலின் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"இதையாவது கொஞ்சம் பிடி" என்றாள்.

அவன் முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் தூக்கிக் கம்பியைப் பிடித்தான். தோளும் முதுகும் தேய்த்து வைத்த செம்புப் பாத்திரமாக மின்னின.

"முதுகு நல்லா வெயில் குடிச்சிருக்கே. ஆபீசே கதின்னு கிடந்தேன்னு சொன்னே?"

"ஞாயித்துக்கிழமைல நம்ம வீட்டுத் தோட்டத்துல படுத்தேன்."

"எப்பவும் போலவா?"

"பின்னே, கோட்டு மாட்டிக்கிட்டா படுப்பாங்க? ஆளுயர வேலிக்குள்ள எவன் பார்க்கப் போறான்? பேச்சை மாத்தாதே, ரோஸ்விதா. இங்க யாரும் எதையும் மறைக்கிறதில்லன்னு ஊர் பூரா பெருமை பேசுவியே. எங்கிட்ட எவ்வளவு மறைச்சிருக்கே?"

சொல்லிவிட்டு ஒரு கையைக் கீழே இறக்கி, நழுவப் பார்த்த இடுப்பு முடிச்சை அவசரமாக இறுக்கிக்கொண்டான்.

ரோஸ்விதா கையிலிருந்த கம்பியை மெதுவாகத் தரையில் வைத்தாள். தன் நாற்காலியில் துண்டை விரித்து, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"மூட்டையைக் கட்டலாம், கெர்னோட். முதல்ல நீ அந்தத் துண்டை அவிழு."