கனியம்மாளின் பயோடேட்டா

பூபதி அந்த இலவச இணையதளத்தை உருவாக்கியதே அக்கா கனியம்மாளைப் போன்றவர்களுக்காகத்தான். செய்த வேலையை வாயால் சொன்னால் போதும், அது அழகாக பயோடேட்டா எழுதிக் கொடுத்துவிடும். ஆறே வருடத்தில், அது எழுதாத பயோடேட்டாவை எந்தக் கம்பெனியும் வாங்குவதில்லை என்றாகிவிட்டது. யாருக்கு வேலை கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதும் அதற்குத் தெரிந்துவிட்டது. கிடைக்காதவர்களை வீணாக அலைய விட வேண்டாமென்று, அவர்களுக்கு எழுதவே கூடாது என ஒரு விதியைச் சேர்த்தவனும் பூபதிதான்.

இருபது வருடம் உழைத்த நூற்பாலை மூடிய மறுவாரம் கனியம்மாள் அவன் வீட்டுக்கு வந்தாள். மெஷின் ஓட்டியதையும், புதுப் பெண்களுக்குப் பழக்கிக் கொடுத்ததையும் கணினி முன் உட்கார்ந்து கூச்சத்தோடு சொல்லி முடித்தாள். திரையில் ஒரே வரி வந்தது: "மன்னிக்கவும், உங்களுக்கு எழுதிப் பயனில்லை."

"நான் சரியாச் சொல்லலையோ தம்பி?"

"சரியாத்தான்க்கா சொன்னே."

"உன்னோடதுதானே இது? நீ சொன்னா கேக்காதா?"

விதியை அவன் அப்போதே நீக்கிவிடலாம். ஆனால் கம்பெனிகளும் அந்த இணையதளத்தைக் கேட்டுத்தான் ஆளெடுக்கின்றன.

"அப்ப நீயே கையால எழுதிக் குடுடா. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

அவளுடைய இருபது வருடத்தையும் பூபதி ஒரு வெள்ளைத்தாளில் எழுதினான். எந்த வாசலிலும் இதை வாங்க மாட்டார்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கனியம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"நல்லாருக்குடா! இதே மாதிரி இன்னும் பத்து எழுது. நாளைக்கு எல்லா மில்லுக்கும் போயிட்டு வந்துடறேன்."

பூபதி அடுத்த தாளை எடுத்தான்.