கடல் பக்கத்துத் தாங்கி

“பெற்றோல் குழாயை மாறிப் பூட்டி வச்சிருக்கான். மேல கிளம்பியிருந்தா இப்ப என்னை ஜனாஸாவாத்தான் தூக்கியிருப்பீங்க.”

மர்சூக் பிளேனில் உட்கார்ந்தபடியே கடற்கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். அவன் கை மச்சான் நூஹுவை நோக்கி நீண்டிருந்தது.

கைருன்னிஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஏசுகிறவன் புருஷன். ஏச்சு வாங்குகிறவன் கூடப்பிறந்த மூத்தவன், அவளுடைய காக்கா.

அவளுக்கு எல்லாம் அலுத்துப் போயிருந்தது. உலக யுத்த காலத்தில் சீனக்குடா விமானத் தளத்தில் வேலை செய்த புருஷன், அங்கே கழித்துப் போட்டதையெல்லாம் அள்ளி வந்து, அவளுடைய தறிக்கொட்டிலில் பிளேன் கட்டத் தொடங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. தறி தாழ்வாரத்துக்குப் போனது. அவள் நெய்த துணி இறக்கைக்குப் போனது.

இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெற்றோல் தாங்கிகள். எதிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் போக வேண்டும் என்பதை இருக்கையோரம் உள்ள ஒரு திருகு தீர்மானிக்கும். திருகின் ஒரு பக்கம் ‘கடல்’ என்றும் மறுபக்கம் ‘வயல்’ என்றும் மர்சூக் பெயின்டால் எழுதியிருந்தான். கிழக்கே கடல், மேற்கே வயல்; அந்தக் கரையில் வீட்டு வளவுக்கு எல்லை சொல்வதும் அப்படித்தான், பாயில் இடம் காட்டுவதும் அப்படித்தான்.

“ஒண்டு போதும் மச்சான், கடல் பக்கத்துத் தாங்கிக்கு ஊத்து” என்றான் மர்சூக், காலையில் கடற்கரையில் வைத்து. நூஹு ஊற்றினான். மர்சூக் திருகைக் ‘கடல்’ பக்கம் திருப்பினான். பிளேன் தென்மேற்குக் கச்சான் காற்றுக்கு முகம் கொடுத்துத் தெற்கே ஓடியது. வால் தூக்கியது. சக்கரம் மணலை விடப்போகும் நேரம் எஞ்சின் அடங்கிவிட்டது. அதற்குத்தான் இந்த ஏச்சு.

“என்ன மர்சூக், பிளேனுக்குக் களைப்பா?” என்றார் கடைக்கார ஷரிபுதீன்.

சனம் சிரித்தது. மர்சூக்கின் முகம் கறுத்தது.

“தள்ளுங்க எல்லாரும். திரும்ப ஓட்டிக் காட்டுறன்.”

நூஹு ஓடி வந்து இறக்கையைப் பிடித்துக்கொண்டான். திருகைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். பிறகு சத்தமாகவே சொன்னான்.

“ஓம் மச்சான், என்ட பிழைதான். குழாயை மாறிப் பூட்டிட்டன். இறங்குங்க. கொட்டிலுக்குக் கொண்டுபோய்த் திருத்தித் தாறன்.”

மர்சூக் இறங்கினான். சிரிப்பு நூஹுவின் பக்கம் திரும்பியது.

“மச்சானை முடிக்கப் பிளேன் எதுக்கு நூஹு? சோத்துல மருந்து வச்சாப் போதாதா?” என்றான் ஒருவன்.

“என்ட பெற்றோமாக்ஸ் விளக்கு உன்ட கடையிலதானே கிடக்கு?” என்றார் வீட்டில் கலியாணம் வைத்திருந்த கச்சிமுகம்மது. “திருத்த வேணாம், நான் எடுத்துக்கிறன். கலியாண ஊட்டை எரிச்சிப்போடுவாய்.”

விளக்கும் அடுப்பும் திருத்திப் பிழைக்கிற நூஹு பிளேனை மாட்டுவண்டியின் பின்னால் கட்டினான்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் கைருன்னிஸா கொட்டிலுக்குப் போனாள். தேத்தண்ணி கொண்டுபோகவில்லை.

“உம்மா மௌத்துப் படுக்கையில கிடக்கக்குள்ள என்னை உங்கக்கிட்டத்தான் ஒப்படைச்சா. நல்லாப் பாக்கிறீங்க காக்கா.”

 பிளேன் வழக்கம்போல் வடக்கே பார்த்து நின்றது. நூஹு ஒரு குச்சியை மேற்குப் பக்கத்துத் தாங்கிக்குள் விட்டு எடுத்தான். குச்சி நனைந்து வந்தது.

கைருன்னிஸா உற்றுப் பார்த்தாள்.

“காலம்பற கடல் பக்கத்துத் தாங்கிக்குத்தானே ஊத்தினீங்க? இது வயல் பக்கத்துத் தாங்கியாச்சே?”

“அங்க பிளேன் தெற்கே பாத்து நிண்டுது. இங்க வடக்கே பாத்து நிக்குது, இப்படி நிக்கக்குள்ளதான் மச்சான் எழுதினாரு. பிளேன் திரும்பிட்டுது புள்ள. கடல் திரும்பல்ல.”

அவள் ஒருமுறை கிழக்கே பார்த்தாள், ஒருமுறை திருகைப் பார்த்தாள். காலையில் புருஷன் திருகியது வெறும் தாங்கிக்கு. அடியில் கிடந்த மிச்சத்தில்தான் அவ்வளவு தூரமும் ஓடியிருக்கிறது.

“அப்ப குழாய்?”

“குழாய் சரியாத்தான் இரிக்கு.”

“அவர் எழுதினதுதான் பிழை.”

“நாம எல்லாரும் அப்படித்தானே கதைக்கிற. எனக்கும் எஞ்சின் நிண்ட பொறகுதான் விளங்கினது.”

நூஹு கத்தியால் திருகில் இருந்த அந்த இரண்டு சொற்களையும் சுரண்டினான். பெயின்ட் டப்பாவை அவள் பக்கம் தள்ளினான்.

“உன்ட எழுத்து வடிவு. இதுல ‘சோத்துக்கை’ எண்டு எழுது. மத்ததுல ‘இடக்கை’. எங்க திரும்பினாலும் அது மாறாது.”

அவள் எழுதினாள். எழுதி முடிக்கும்வரை பொறுக்க முடியவில்லை.

“இதை அங்கேயே சொன்னா என்ன? ஊரே உங்கட மூஞ்சில துப்பிச்சு. இனி ஆரு உங்கக்கிட்ட விளக்குத் தருவாங்க?”

நூஹு குச்சியைத் துடைத்து மூலையில் வைத்தான்.

வீட்டுக்குள்ளிருந்து மர்சூக்கின் குரல் வந்தது. “என்ன, உன்ட காக்கா அந்தக் குழாயை ஒழுங்காப் பூட்டிட்டானா? இல்ல, இன்னும் முழிச்சிக்கிட்டு நிக்கிறானா?”

கைருன்னிஸா விருட்டென்று எழுந்தாள். உண்மையை இப்பவே சொல்லிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தாள்.

“சொல்லாத புள்ள” என்றான் நூஹு மெதுவாக. “அவ்வளவு சனமும் சிரிக்கக்குள்ள, பிழை உங்கட எண்டு நான் சொல்லியிருந்தா அவர் ரோசத்துல திருகைத் திருப்பாமலே அதே இடத்துல திரும்பவும் ஓட்டியிருப்பாரு. பிழை என்ட எண்டதாலதான் இறங்கினாரு.”

கைருன்னிஸா வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஓம். காக்கா குழாயைச் சரியா மாத்திப் பூட்டிட்டார். அவர்ட பெற்றோல் கை பட்டு உங்கட எழுத்தும் அழிஞ்சு போச்சு. புதுசா எழுதியிரிக்கன்.”