சாயத்துக்குக் கீழே

அல்லா சாட்சியாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அத்தனையும் என் கண்ணால் பார்த்தது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்தெருவில், அம்மை குத்துகிற தானியேல் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் ஊசிப்பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டதும், தொட்டியில் ஊறிக்கிடக்கும் ஆட்டுத்தோல்கள் ஒருமுறை சிலிர்த்து அடங்குகின்றன. கரப்பான் புண் உள்ள குழந்தைக்குக் குத்தினால் உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பி உயிர் போய்விடும் என்பதால், அப்படிப்பட்ட பிள்ளைகளை அவர் விட்டுவிடுவார். இது தெரிந்த தாய்மார்கள், ஊசிக்குப் பயந்து, தோலுக்கு ஏற்றும் ஆவாரம்பட்டைச் சாயத்தைப் பிள்ளைகளின் கைகளில் கரப்பான் போலத் திட்டுத்திட்டாகப் பூசித் தூக்கி வருகிறார்கள். தானியேல் ஈரத்துணியால் துடைக்கிறார், சாயம் போகிறது, குத்துகிறார். ஹலீமா பீயின் குழந்தைக்கு நிஜமாகவே கரப்பான். அது போதாதோ என்று பயந்து, அவளும் மேலே சாயம் பூசியிருக்கிறாள். துணி பழுப்பாகிறது. “உன் வூட்லயும் இதே வேலைதானாம்மா?” என்று தானியேல் ஊசியை எடுக்கிறார். “அய்யா, கீழ இருக்கிறது நிஜம் அய்யா!” “இதைத்தான் முன்னாடி ஒன்பது பேர் சொன்னாங்க.” “இன்னொரு வாட்டி தொடைச்சிப் பாருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.” சுண்ணாம்புத் தொட்டியின் வாடை மெல்ல நகர்ந்து வருகிறது. வெயில் ஊசிமுனையில் வந்து நிற்கிறது. வலக்கை ஊசியைத் தாழ்த்தாமலே, இடக்கையால் மறுபடி துடைக்கிறார். இம்முறை துணியில் பழுப்பு இல்லை, ரத்தம். தானியேல் துணியைப் பார்க்கிறார், தாயைப் பார்க்கிறார். ஊசி குழந்தையின் கைக்கு ஒரு விரற்கடைத் தூரத்தில் அப்படியே நிற்கிறது.

அந்தக் கை என்னுடையது. அன்று எனக்கு வயது ஐந்து மாதம்.